சுவர்ப் பக்கக் கன்னம்

சீப்பின் முதுகால் முகப்பூச்சு டியூபின் வாலை அழுத்தி உருட்டிக்கொண்டிருந்தாள் மாரிட். ஒவ்வொரு உருட்டுக்கும் உள்ளே இருந்தது கொஞ்சம் கொஞ்சமாக வாய்ப்பக்கம் நகர்ந்தது. எல்லாம் சேர்ந்த பிறகு விரலால் அமுக்கிப் பார்த்தாள். ஒரு முகத்துக்குத்தான் வரும், அதற்கு மேல் ஒரு பொட்டு தேறாது. முப்பது வருஷமாகத் தினமும் காலையில் இதே வேலையைச் செய்தவளுக்கு அந்த அளவு தப்பாது.

முகங்கள் இரண்டு இருந்தன. ஒன்று, ஹாகனுடைய சவ அடக்க நிலையத்தின் பின்னறை மேசையில் கண்மூடிக் கிடந்த அவள் அம்மா ஆர்லிஸினுடையது. இன்னொன்று, கம்பளிச் சால்வையைக் கண்வரை இழுத்துச் சுற்றிக்கொண்டு வந்திருந்த அவளுடையது. வடக்கு டகோட்டாவின் ஜனவரியில் ஒருத்தி அப்படி வந்தால் யாரும் ஏன் என்று கேட்பதில்லை. மணி பன்னிரண்டரை. நாலு மணிக்கு முன்கதவைத் திறந்துவிடுவார்கள். ஊரே வரிசையில் வந்து பெட்டிக்குள் இருப்பவளைப் பார்த்துவிட்டு, பக்கத்தில் நிற்கும் மகளின் கையைப் பிடிக்கும். அப்போது சால்வை இருக்க முடியாது.

ஆர்லிஸுக்கு இடது கண்ணுக்குக் கீழே தொடங்கி, கன்னத்தை நிறைத்து, தாடைவரை இறங்கும் சிவப்பு மச்சம். யாரோ பீட்ரூட் சாற்றைக் கொட்டிவிட்டுத் துடைக்க மறந்ததுபோல் இருக்கும். அதே மச்சம், அதே கன்னத்தில், ஓர் அங்குலம் குறைவாக மாரிட்டுக்கும் இருந்தது. வேறு வீடாக இருந்தால் தாய் மகளுக்குக் கொடுத்த சீதனம் என்று சிரித்திருப்பார்கள். இவர்கள் வீட்டில் அதைப் பற்றிப் பேச்சே கிடையாது. மாரிட்டுக்கு ஐந்து வயதானபோது, அவளை யாரும் பார்த்திராத இந்த ஊருக்குக் குடிவந்தார்கள். அப்பா லைல் தன் அண்ணனோடு சேர்ந்து செய்த விவசாயத்தை விட்டுவிட்டு இங்கே தானியக் கிடங்கில் எடைபோடும் வேலைக்குச் சேர்ந்தார். ஏன் வந்தோம் என்று அவர் வாய்விட்டுச் சொன்னதில்லை. பள்ளிக்கூடம் திறந்த முதல் நாள் விடியற்காலையில் அம்மா மகளைக் குளியலறை ஸ்டூலில் உட்காரவைத்து முகத்தைப் பூசினாள். அன்றோடு அந்தக் கன்னத்தை வெளியுலகம் பார்ப்பது நின்றது.

சட்டதிட்டங்கள் நிறைய இருந்தன. ஐந்தரைக்கு எழுந்துவிட வேண்டும். கோடையில் எல்லோரும் ஏரியில் குதித்தாலும் நமக்குக் கரையோடு சரி. எந்த அறைக்குள் நுழைந்தாலும் இடது கன்னம் சுவர்ப் பக்கம் இருக்கும்படி நாற்காலி பார்த்து உட்கார வேண்டும். யாராவது கட்டிப்பிடித்தால் வலது கன்னத்தைத்தான் கொடுக்க வேண்டும். விலகும்போது அவர்களுடைய காலரை ஓரக்கண்ணால் பார்க்க வேண்டும். ஏதாவது ஒட்டியிருந்தால், "அய்யோ, என் காப்பியக் கொட்டிட்டேன் போல" என்று சொல்லித் துடைத்துவிட வேண்டும். மாரிட் வளர்ந்து, பல் மருத்துவமனையில் பல் சுத்தம் செய்யும் வேலையைத் தேர்ந்தெடுத்தாள். அந்த வேலையில் அவளுக்குப் பிடித்தது முகமூடி. அதை யாரும் கேட்கவுமில்லை, அவள் சொல்லவுமில்லை.

இதில் வேடிக்கை என்னவென்றால், ஊரில் அழகு என்றால் ஆர்லிஸ்தான். நீலநிறப் பெட்டி ஒன்றைத் தூக்கிக்கொண்டு வீடுவீடாகப் போய், சமையலறை மேசையைச் சுற்றி ஆறு பெண்களை உட்காரவைத்து, அழகுச் சாமான் விற்றவள். பெட்டியின் மேல்தட்டு தினப்படிக்கு: லேசான பவுடர், உதடு வெடிக்காமலிருக்க மெழுகு, பால் கறக்கப் போகிறவளுக்கும் பொருந்துகிற மண்நிற லிப்ஸ்டிக். கீழ்த்தட்டு விசேஷத்துக்கு. கல்யாணத்துக்கு ரோஜா, ஞானஸ்நானத்துக்குப் பீச் நிறம், சாவுக்குக் கண்ணீரில் கரையாத மஸ்காரா என்று எல்லாவற்றுக்கும் அவளிடம் ஒரு முறை இருந்தது. எந்தப் பெண்ணுக்கு எந்தச் சிவப்பு எடுக்கும் என்பது அவர்கள் புருஷன்மாருக்குத் தெரியாது, ஆர்லிஸுக்குத் தெரியும். அவள் முகத்தில் ஓர் உப்புப் பரலளவு குறைகூட யாரும் கண்டதில்லை.

அந்த டியூப் மட்டும் பெட்டியில் இருந்ததே இல்லை. அது வேறு எங்கோ ஒரு சின்னக் கம்பெனி தபாலில் அனுப்பிவந்த பூச்சு. மூன்று வருஷத்துக்கு முன்னால் அந்தக் கம்பெனியை மூடினார்கள். அம்மா நாற்பது டியூப் வாங்கி, நிலவறையில் ஊறுகாய் ஜாடிகளுக்குப் பின்னால் ஒளித்துவைத்தாள். புதிதாக வந்த எத்தனையோ பூச்சுகளைத் தாயும் மகளும் போட்டுப் பார்த்தார்கள். எல்லாம் மத்தியானத்துக்குள் சாம்பல் பூத்துவிடும், அடியிலிருந்து சிவப்பு எட்டிப் பார்க்கும். ஏதோ ஒன்று நன்றாக மூடுகிறது என்று கேள்விப்பட்டு மாரிட் போன வாரம் ஃபார்கோ நகரத்துக் கடையில் சொல்லிவைத்திருந்தாள். நேற்று அடித்த பனிப்புயலில் நெடுஞ்சாலையையே மூடிவிட்டார்கள்.

ஆஸ்பத்திரியில் அம்மா கேட்டது அவளுக்குக் காதிலேயே இருந்தது. சாவதற்கு நாலு நாள் முன்னால். ஆர்லிஸ் தலையணையில் இடது கன்னத்தைப் புதைத்துச் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள்.

"இன்னும் எத்தன இருக்கு?"

"ரெண்டும்மா. ஒண்ணு பாதி."

"பாதிய நீ வெச்சுக்கோ. முழுசு எனக்கு. ஹாகன் கையால என் மூஞ்சியத் தொடவிடக் கூடாது. நீதான் போடணும். சத்தியம் பண்ணு."

சாகக் கிடக்கிறவளிடம் என்ன பேசுவது? மாரிட் சத்தியம் செய்தாள். ஆனால் அவளுக்குக் கோபம் வந்தது. நான் என்ன பண்ணுவேன் என்று அம்மா ஒரு வார்த்தை கேட்கவில்லை. போகிற போக்கில் அதையும் எடுத்துக்கொண்டு போகிறாள் என்று நினைத்தாள். அப்படி நினைத்ததற்காக வண்டி நிறுத்துமிடத்தில் உட்கார்ந்து அழவும் செய்தாள். பாதி டியூப் ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்குமாக அலைந்ததிலேயே தீர்ந்தது. முழுசு என்று அம்மா நம்பிய டியூபிலும் காய்ந்துபோனது போக மிஞ்சியது கொஞ்சம்தான், கடைசி நாளன்று பாதிரியார் வருகிறார் என்று அம்மா பூசிக்கொண்டதில் அதிலும் ஒரு பங்கு போயிருந்தது.

பின்னறைக் கதவைத் தள்ளிக்கொண்டு பெவ் சித்தி வந்தாள். அம்மாவின் தங்கை. விசேஷத்துக்கு உடுத்தும் நீல உடுப்பை உறையோடு கையில் தொங்கவிட்டிருந்தாள். குடும்பத்துக்கு வெளியே தெரியாத விஷயம் அவளுக்குத் தெரியும். அக்காவின் முகத்தைப் பார்த்தாள், பிறகு மாரிட்டின் கையிலிருந்த டியூபைப் பார்த்தாள். ஒரே பார்வையில் புரிந்துகொண்டு கதவைச் சாத்தினாள்.

"அவ்வளவுதானா இருக்கு?"

"ம்."

"அப்ப நீ போட்டுக்கோடி. அவளுக்கு ஹாகன் ஏதாவது வெச்சிருப்பான், அதைப் போட்டுக்கலாம். செத்தவளுக்குத் தெரியவா போகுது? நாலு மணி நேரம் நிக்கப் போறவ நீ."

"சத்தியம் பண்ணிட்டேன் சித்தி."

பெவ் உடுப்பை ஆணியில் மாட்டினாள். ஹாகனின் ஒப்பனையைப் பற்றி அக்கா என்ன சொல்லுவாள் என்பது அவளுக்கும் தெரியும். ஊரில் எந்தச் சாவுக்குப் போய்வந்தாலும், வாசலில் பூட்ஸைக் கழற்றும்போதே ஆர்லிஸ் ஆரம்பித்துவிடுவாள். பாவம் டோலோரஸ், பூசணிக்காய் மாதிரி ஆக்கி வைத்திருக்கிறான். பாவம் ஹெல்மர், ஆம்பிளைக்குப் போய் அவ்வளவு சிவப்பா? அந்தப் பூசணிக்காய் நிறத்தில் தன்னை ஊர் கடைசியாகப் பார்ப்பதை அவளால் நினைத்துப் பார்த்திருக்க முடியாது.

"சரி, உன் பாடு. சால்வையக் கழட்டாத. குளிர் ஜுரம்னு சொல்லு. நான் பக்கத்துலயே நிக்கறேன்," என்று சொல்லிவிட்டு பெவ் வெளியே போனாள். சர்ச்சின் கீழ்த்தளத்தில் காப்பிக்கும் பன்னுக்கும் ஏற்பாடு பார்க்க வேண்டியிருந்தது.

மாரிட் டியூபைத் திறந்தாள்.

உயிரில்லாத தோலில் பூச்சு இளகாது என்பதை அவள் யோசிக்கவில்லை. முதல் பொட்டு மெழுகுபோல் அப்படியே நின்றது. வழித்தெடுத்துத் தன் மணிக்கட்டில் வைத்துச் சூடாக்கி, விரல் நுனியில் எடுத்து ஒற்றினாள். தேய்க்கக் கூடாது, ஒற்ற வேண்டும் என்பது அம்மாவின் பாடம். கண்ணோரத்திலிருந்து ஆரம்பித்துக் கீழே இறங்கினாள். பாதிக் கன்னம் தாண்டியபோதுதான் உறைத்தது: அம்மாவின் மச்சத்தை அவள் தொடுவது இதுதான் முதல் தடவை. ஆஸ்பத்திரியில்கூட மகளின் விரலை நகர்த்திவிட்டு, நடுங்கும் கையால் ஆர்லிஸ் தானே ஒற்றிக்கொண்டாள், மாரிட் கண்ணாடி பிடித்தாள். தொட்டுப் பார்த்தால் அது மற்றத் தோலைப்போலத்தான் இருந்தது. கொஞ்சம் தடிப்பாக இருக்கும் என்று இத்தனை வருஷமாக ஏனோ நினைத்திருந்தாள். தன்னுடையதையே ஆயிரம் தடவை தொட்டவள் அப்படி நினைத்திருந்தது அவளுக்கே விசித்திரமாக இருந்தது.

தாடையோரம் வரும்போது பூச்சு தீர்ந்தது. கத்தரியால் டியூபை நெடுக்குவாட்டில் வெட்டி, உட்புறத்தைப் பஞ்சால் வழித்து, மிச்சத்தை முடித்தாள். பிறகு நீலப் பெட்டியின் கீழ்த்தட்டை எடுத்து மற்ற வேலைகளைச் செய்தாள். பவுடர், புருவத்துக்கு மெல்லிய கோடு, மாரிட்டின் கல்யாணத்துக்கென்று அம்மா வாங்கிப் பிரிக்காமலே கிடந்த ரோஜாநிற லிப்ஸ்டிக். அந்தக் கல்யாணம் நடக்கவில்லை. கல்யாணமானால் ஒருநாள் காலையில் புருஷன் முன்னால் முகம் கழுவ வேண்டியிருக்கும் என்பதே மாரிட்டுக்குப் போதுமான காரணமாக இருந்தது. வேலை முடிந்ததும் இரண்டடி தள்ளி நின்று பார்த்தாள். அம்மா அம்மாவாக இருந்தாள். அழுகை வருமென்று காத்திருந்தாள், வரவில்லை. வெட்டிய டியூப் மேசையில் வாயைப் பிளந்துகொண்டு கிடந்தது.

மூன்று மணிக்கு ஹாகன் வந்தார். எழுபதைத் தாண்டியவர், சாவைப் போலவே அவசரமில்லாதவர். ஆர்லிஸைப் பார்த்து மெதுவாகத் தலையசைத்தார். தன்னால் இப்படிச் செய்திருக்க முடியாது என்றார். உடுப்பு மாட்டியதும், தன் ஆளோடு சேர்ந்து அவளைப் பெட்டியில் வைத்து முன்கூடத்துக்குத் தள்ளிக்கொண்டு போனார். சுவரோரம் பூக்களுக்கு நடுவில் பெட்டியை நிறுத்தினார். தலையணையைச் சரிசெய்தார். பிறகு இரண்டு கைகளாலும் ஆர்லிஸின் தலையைப் பிடித்து, பூப்போல, வலது பக்கமாகக் கொஞ்சம் திருப்பிவைத்தார்.

இடது கன்னம் பெட்டியின் மூடிப் பக்கம், வெள்ளைத் துணியின் நிழலுக்குள் போய்விட்டது.

"ஏன் அப்படித் திருப்பறீங்க?" என்றாள் மாரிட்.

"எல்லாரையும் இப்படித்தாம்மா வைக்கறது. மூடி செவுத்துப் பக்கம் வரும், தல நமக்கு இடது பக்கம். பாக்க வர்றவங்களுக்கு வலது கன்னம்தான் தெரியும். லேசா இப்படிச் சாய்ச்சா, நம்மளப் பாக்கற மாதிரி இருக்கும்."

"எப்பவுமா?"

"நாப்பத்தாறு வருஷமா."

மாரிட் பெட்டிக்கு எதிரே வந்து நின்று பார்த்தாள். மூக்குத்தண்டு தெரிந்தது, வலது கன்னம் தெரிந்தது. எக்கி, எட்டிப் பார்த்தால்தான் அந்தப் பக்கம் தெரியும். சாவு வீட்டில் யார் எக்கிப் பார்ப்பார்கள்? அவளுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்த வேகத்தில் சால்வை நழுவியது. ஹாகன் அவள் முகத்தைப் பார்த்தார். இரண்டு நாளாக அம்மாவின் முகத்தைப் பார்த்தவருக்கு அது புதிதில்லை.

"முன்னாடியே சொல்லியிருக்கலாமே," என்றாள்.

"அம்மாவுக்குக் கொடுத்த வாக்குன்னு நீ சொன்ன. வாக்குக்கு எந்தப் பக்கம்னு நான் எப்படிச் சொல்றது?"

அவர் பின்னால் போய்விட்டு ஒரு சின்ன ஜாடியோடு திரும்பி வந்தார். தயங்கித் தயங்கிப் பேசினார். தப்பாக நினைக்கக் கூடாது, இது எங்கள் தொழிலில் புழங்குவது, எதையும் மூடும், உடம்புக்கு ஒன்றும் செய்யாது, உன் நிறமும் இருக்கிறது என்றார். ஜாடியை அவள் கையில் வைத்துவிட்டு, "வேணும்னா மாசாமாசம் உனக்கும் சேத்து வரவழைக்கிறேன். பின்கதவு வழியா வந்து வாங்கிக்கோ. யாருக்கும் தெரிய வேண்டாம்," என்றார்.

நல்ல மனிதர்தான். நல்ல மனதோடுதான் சொன்னார்.

கைகழுவும் அறையில் கண்ணாடி முன்னால் நின்று அவள் ஜாடியைத் திறந்தாள். விரலில் தொட்டுத் தாடையோரம் ஒற்றினாள். சிவப்பு இருந்த இடம் தெரியவில்லை. முப்பது வருஷத்தில் எந்தப் பூச்சும் இப்படி மூடியதில்லை. இன்னும் நாலு விரல் எடுத்தால் வேலை முடிந்துவிடும். நாலு மணிக்குப் பழைய மாரிட்டாகப் போய் நிற்கலாம். ஆனால் அது கன்னத்தோடு சேராமல் சில்லென்று அப்படியே இருந்தது. விரல் வைத்துப் பார்த்தாள், சூடேறவே இல்லை. மாசாமாசம் பின்கதவைத் தட்டுவதை நினைத்தாள். ஹாகனுக்குப் பிறகு அவர் மகன் திறப்பான். அவளுக்கு வயது ஐம்பதாகும், அறுபதாகும். கடைசியில் ஒருநாள் அவளையே முன்கதவு வழியாகக் கொண்டுவருவார்கள், அப்போதும் இதே ஜாடியைத்தான் திறப்பார்கள். குழாயைத் திறந்து, தாள்துண்டை நனைத்து, தாடை எரியும்வரை துடைத்தாள். ஜாடியை மூடி, கழுவுதொட்டியின் ஓரத்தில் வைத்துவிட்டு வெளியே வந்தாள்.

தைரியம் ஒன்றும் வந்துவிடவில்லை. வெளியே ஓடிவிடலாமா என்றுதான் இருந்தது. ஓடினாலும் பனிக்குள் எங்கே போவது?

கூடத்தில் அப்பா வந்திருந்தார். கறுப்புக் கோட்டு தோளில் தொளதொளத்தது. பெட்டியின் எதிரே நிற்காமல், பூச்சாடிகளை ஒதுக்கிவிட்டு, சுவருக்கும் பெட்டிக்கும் நடுவிலிருந்த இடுக்கில் உடம்பை நுழைத்து, குனிந்து ஆர்லிஸின் இடது கன்னத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். மாரிட் வருவது தெரிந்ததும் நிமிர்ந்தார்.

"நல்லா போட்டிருக்க."

"அந்தப் பக்கம் யாருக்கும் தெரியாதுப்பா. வீணாப் போச்சு. அம்மாவுக்கும் தெரிஞ்சிருக்காது."

அவர் கைக்குட்டையை எடுத்து மூக்கைத் துடைத்துக்கொண்டார்.

"உங்கம்மாவுக்கா தெரியாது? எந்தச் சாவுக்குப் போனாலும் அவ முதல்ல பாக்கறது செவுரு எந்தப் பக்கம்னுதான்."

மாரிட் அம்மாவைப் பார்த்தாள். ரோஜாநிற உதடுகள் ஒட்டியிருந்தன. தெரிந்தேதான் கேட்டாளா? கடைசி டியூப் எனக்கு என்று சொன்னபோது அவள் சுவரைப் பார்த்துத்தானே படுத்திருந்தாள்? முகத்தைக் காட்டியிருந்தாலாவது ஏதாவது புரிந்திருக்கும். இனி யாரிடம் கேட்பது?

இடுக்கிலிருந்து வெளியே வந்த அப்பா அப்போதுதான் மகளைச் சரியாகப் பார்த்தார். அவள் சால்வை கையில் இருந்தது. அந்தக் கன்னத்தை அவர் கடைசியாக வெளிச்சத்தில் பார்த்தபோது அவளுக்கு ஐந்து வயது.

பெவ் சித்தி காப்பி வாசனையோடு அவசரமாக வந்தாள். மாரிட்டைக் கண்டதும் அவள் முகத்தில் ஈயாடவில்லை. "ஜன்னல் வழியாப் பாத்தேன், வாசல்ல முப்பது பேரு நிக்கறாங்கடி," என்றாள். பிறகு குரலைத் தாழ்த்தி, அந்த மூலையில் நில், இடது பக்கம் சுவரோடு ஒட்டினாற்போல் இருக்கும், என்னைத் தாண்டி யாரும் வரமாட்டார்கள் என்றாள். மாரிட் மூலையைப் பார்த்தாள். கச்சிதமான மூலைதான். அம்மா இருந்திருந்தால் அதைத்தான் தேர்ந்தெடுத்திருப்பாள். கால்கள் தாமாகவே அந்தப் பக்கம் இரண்டடி வைத்தன, பிறகு நின்றன. அவள் பெட்டியின் தலைமாட்டிலேயே நின்றுகொண்டாள்.

நாலு மணிக்கு ஹாகன் கதவைத் திறந்தார். குளிர் முதலில் வந்தது.

அப்பா வந்து அவளுக்கு இடது பக்கத்தில் நின்றார். நாற்பத்தியொரு வருஷமாக, சர்ச்சிலும் கடைத்தெருவிலும் போட்டோவிலும் அம்மாவின் இடது பக்கம் நின்றவர். அவருக்கு ஒரு காது மந்தம், அதனால்தான் அப்படி நிற்கிறார் என்று சின்ன வயதில் மாரிட் நினைத்ததுண்டு. பெரிய உடம்பு, அவர் நின்றால் வரிசையில் வருகிறவர்களுக்கு அவள் கன்னம் பாதி மறையும். அவர் நேராக வாசலைப் பார்த்துக்கொண்டு, கோட்டுப் பையில் கைவிட்டபடி, தோளை இன்னும் கொஞ்சம் முன்னால் கொண்டுவந்தார்.

"அப்பா," என்றாள் மாரிட். "இந்தப் பக்கம் வாங்க."

அவர் புரியாதவர்போல் பார்த்தார்.

"வலது பக்கம் வந்து நில்லுங்கப்பா."

அவர் அவளைச் சுற்றிக்கொண்டு மெதுவாக வந்தார். அங்கே எப்படி நிற்பது என்று தெரியாமல் ஒரு காலை முன்னால் வைத்தார், பின்னால் எடுத்தார். பையிலிருந்து எடுத்த கையை எங்கே வைப்பது என்றும் அவருக்குத் தெரியவில்லை. மாரிட் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள்.

வரிசையில் முதலில் வந்தது ஜாய்ஸ். அம்மாவிடம் அழகுச் சாமான் வாங்கியவர்களில் மூத்தவள், வெள்ளைக் காலர் வைத்த கறுப்பு உடுப்பு, ஆர்லிஸ் அவளுக்கென்று தேர்ந்தெடுத்துக் கொடுத்த பவழநிற லிப்ஸ்டிக். பெட்டியின் முன்னால் நின்று நெடுநேரம் பார்த்தாள். நன்றாயிருக்கிறாள் என்று முணுமுணுத்தாள். பிறகு மாரிட் பக்கம் திரும்பினாள். அவள் கண்கள் கன்னத்தில் விழுந்தன, நின்றன. வாய் லேசாகத் திறந்தது. பின்னால் இருந்தவர்களின் பேச்சு ஒவ்வொன்றாக அடங்கியது. மாரிட்டுக்குத் தரையைப் பார்க்க வேண்டும்போல் இருந்தது. பார்க்கவில்லை.

ஜாய்ஸ் இரண்டு கைகளையும் விரித்தாள். முதுகு கூனியவள், எந்தப் பக்கம் வசதியோ அந்தப் பக்கம்தான் அவளால் சாய முடியும். மாரிட் பழக்கத்தில் வலது கன்னத்தைத் திருப்புவதற்குள், ஜாய்ஸ் அவளுடைய இடது கன்னத்தைத் தன் கழுத்தோடு சேர்த்து இறுக்கி அணைத்துக்கொண்டாள். வெகுநேரம் விடவில்லை. அந்தக் கிழவியின் கழுத்து வெதுவெதுப்பாக இருந்தது, பவுடர் வாசனை அடித்தது. அம்மா விற்ற பவுடர்.

ஜாய்ஸ் விலகியபோது, மாரிட்டின் கண்கள் தாமாகவே அவளுடைய காலருக்குப் போயின. காலர் வெள்ளையாகவே இருந்தது.